'ப' வடிவ வகுப்பறை: பெஞ்சை மாற்றினோம், கேள்வியை எப்போது மாற்றுவோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வகுப்பறை பெஞ்சுகளை 'ப' வடிவில் போடச் சொல்லி 2025 ஜூலையில் பள்ளிக்கல்வித் துறை அறிவுறுத்தியபோது பெரிய விவாதம் எழுந்தது. 'கடைசி பெஞ்சு' என்ற பேச்சே இனி இருக்காது என்று ஒரு தரப்பு மகிழ்ந்தது. கழுத்து வலிக்கும், கண் கெடும் என்று இன்னொரு தரப்பு எதிர்த்தது. இரண்டு தரப்பிலும் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் எல்லாரும் பெஞ்சைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 40 நிமிடப் பாடவேளையில் என்ன வேலை இருக்கிறது என்று அதிகம் பேர் கேட்கவில்லை. பிள்ளை பாடத்தில் ஒட்டுவதும் ஒட்டாததும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

முதலில் பெஞ்சுக் கணக்கைப் பார்த்துவிடலாம். 20 அடிக்கு 20 அடி அறை, மூன்று பேர் உட்காரும் 5 அடி நீள பெஞ்சு, மேசையோடு சேர்த்து 3 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கரும்பலகைக்கு முன் 5 அடி விட்டால் பக்கச் சுவர் ஒவ்வொன்றிலும் 15 அடி கிடைக்கும். அதில் மூன்று மூன்று பெஞ்சு. பின்சுவரில் இரு மூலைகளும் பக்க பெஞ்சுகளுக்குப் போய்விடுவதால் மீதி 14 அடி. அதில் இரண்டு பெஞ்சுதான் பிடிக்கும். மொத்தம் எட்டு பெஞ்சு, 24 பேர். கதவு பக்கச் சுவரில் இருந்தால் ஒரு பெஞ்சு குறைந்து 21 பேர். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஓர் ஆசிரியருக்கு 35 மாணவர் என்கிறது. 35 பேரை இந்த அறையில் உட்காரவைக்க வேண்டுமானால் உள்ளே இன்னொரு சிறிய 'ப' போட்டாக வேண்டும். நடக்க ஒன்றரை அடி விட்டால் அதில் ஐந்து பெஞ்சு, 15 பேர். அப்போது வெளிவரிசைப் பிள்ளைகள் உள்வரிசைப் பிள்ளைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்கள். கடைசி பெஞ்சு ஒழிந்தபாடில்லை. மூன்று சுவர்களிலும் பரவியதுதான் மிச்சம். ஆக, 24 பேர் வரை உள்ள வகுப்புக்கு 'ப' பொருந்தும். அதற்கு மேல் போனால் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

கழுத்து வலி பற்றிய அச்சமும் நியாயமானதே. சுவரை ஒட்டி நேராகப் போட்ட பக்க பெஞ்சில் இருக்கும் பிள்ளை, பலகையைப் பார்க்க முழுதாகத் திரும்ப வேண்டும். அதிலும் முதல் பெஞ்சுப் பிள்ளைக்குப் பலகையின் எதிர் ஓரத்தில் இருக்கும் எழுத்து பக்கவாட்டில் நசுங்கித் தெரியும். இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு பக்க பெஞ்சிலும் பலகைப் பக்கத்து முனையைச் சுவரோடு விட்டுவிட்டு, பின்முனையை மட்டும் ஒன்றரை முதல் இரண்டு அடி வரை உள்ளே இழுத்துப் போட வேண்டும். பெஞ்சுகள் ரம்பப் பல் போல நிற்கும்; பிள்ளையின் உடலே பலகைப் பக்கம் ஓரளவு திரும்பிவிடும். பலகையின் இரு ஓரங்களிலும் ஓர் அடிக்கு எழுதக் கூடாது. சன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பிள்ளைக்குப் பலகை பளபளத்து எழுத்து மறையும். அந்த ஒரு சன்னல் கதவைச் சாத்தினால் போதும். வாரம் ஒருமுறை எல்லாரும் ஒரு பெஞ்சு நகர வேண்டும்.

இன்னொன்று, 'ப' நாள் முழுக்கத் தேவையில்லை. பலகையைப் பார்த்து எழுதும் வேலைக்கு வரிசைதான் நல்லது. ஒரு பிள்ளை சொல்வதை இன்னொரு பிள்ளை முகம் பார்த்துக் கேட்டு மறுத்துப் பேச வேண்டிய வேலைக்குத்தான் 'ப'. தரையில் பெஞ்சுக் கால்கள் நிற்கவேண்டிய இடங்களை இரண்டு நிறப் பெயின்ட் புள்ளியால் குறித்துவைத்தால் எது எங்கே என்று தேட வேண்டாம். பெஞ்சுக்கு இருவர் தூக்கி வைத்தால் சில நிமிடத்தில் வகுப்பு மாறிவிடும். இழுக்கவிட்டால் பக்கத்து வகுப்புப் பாடம் கெடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வகுப்பறைகளில் ஊறிப்போன ஒரு பழக்கம் அரைச்சொல் கேள்வி. "ஒளிச்சேர்க்கைக்குத் தேவையானது சூரிய ஒ...?" என்று ஆசிரியர் இழுப்பார். "ளி!" என்று வகுப்பே முழங்கும். "அப்போது வெளியேறுவது ஆக்சி...?" "ஜன்!" அடுத்து "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" வெளியிலிருந்து கேட்பவருக்கு வகுப்பு உயிரோட்டமாக இருப்பதாகத் தோன்றும். அருகில் நின்று உதடுகளைக் கவனித்தால் வேறு காட்சி. முன்னால் நாலைந்து பேர் முதலில் சொல்கிறார்கள். மற்றவர்கள் அரை நொடி தாமதித்து ஒலியில் சேர்ந்துகொள்கிறார்கள். சிலர் வாயை மட்டும் அசைக்கிறார்கள். சொல்லின் முதல் பாதியே விடையைக் காட்டிவிடுவதால் யோசிக்க எதுவுமில்லை. பாடம் முழுக்கக் குரல் கொடுத்த பிள்ளை தேர்வில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போகும்போது ஆசிரியர் அதிர்ந்துபோகிறார். அந்தப் பிள்ளை பாடத்துக்குள் வரவே இல்லை என்பது அதுவரை அவருக்குத் தெரிய வழியும் இல்லை.

அதே ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் இப்படிக் கேட்கலாம்: "செடி எப்போது சுவாசிக்கிறது? அ. பகலில் மட்டும். ஆ. இரவில் மட்டும். இ. பகலும் இரவும்." பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று பங்குபோட்டு மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைகள் 'ஆ' என்பார்கள். வழக்கமாக அவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விடையைக் குரலால் கேட்காமல் அட்டையால் கேட்க வேண்டும். செலவு எதுவும் இல்லை. பழைய நோட்டு அட்டையை உள்ளங்கை அளவில் நான்காக வெட்டி, அ, ஆ, இ, ஈ என்று தடித்த மையில் எழுதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டு கொடுத்துவிடலாம். ரப்பர் பேண்ட் போட்டுப் பையிலேயே வைத்துக்கொள்வார்கள். முறைதான் முக்கியம். கேள்வியைப் பலகையில் எழுதியபின் அரை நிமிடம் பேச்சு கூடாது. ஆசிரியர் "காட்டு" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கவிட்டால் பின்னால் இருப்பவர்கள் முதல் மாணவியின் அட்டையைப் பார்த்துத் தங்கள் அட்டையை மாற்றிக்கொள்வார்கள். எது சரி என்று அப்போதே சொல்லிவிடக் கூடாது. ஆசிரியரின் முகமும் காட்டிக்கொடுக்கக் கூடாது.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் 1990களின் தொடக்கத்தில் தம் மாணவர்களிடம் செய்துபார்த்துப் பரவலாக்கிய முறை இது. அதில் ஒரு கணக்கு உண்டு. ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு மறுபடி அட்டை காட்டச் சொல்ல வேண்டும். 35 பேர் வகுப்பில் இது 11 முதல் 24 பேர் வரை. அதற்கும் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை. தெரியாதவரும் தெரியாதவரும் பேசித் தவறை உறுதிப்படுத்திக்கொள்வார்கள், எனவே ஆசிரியரே வேறு வழியில் விளக்க வேண்டும். 70க்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். தவறிய சிலரின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

இந்த முறை தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் கேள்விதான். தசம எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். "0.5, 0.45, 0.405 இவற்றில் பெரியது எது?" என்று கேட்டால் நல்ல கேள்வி போலத் தெரியும். ஆனால் புள்ளிக்குப் பின் இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று தவறாக நினைக்கும் பிள்ளையும் 0.5 என்று சரியான விடையையே காட்டுவார். ஆசிரியர் ஏமாந்துவிடுவார். எண்களை 0.6, 0.65, 0.625 என்று மாற்றிப் பாருங்கள். இலக்கம் கூடினால் பெரிது என்று நினைப்பவர், 625 பெரிய எண்ணாயிற்றே என்று 0.625ஐக் காட்டுவார். இலக்கம் குறைந்தால் பெரிது என்று நினைப்பவர் 0.6ஐக் காட்டுவார். இட மதிப்பு தெரிந்தவருக்கு 0.65. மூன்று விடையும் மூன்று மனநிலையைப் பிரித்துக் காட்டிவிடும். ஒரே பார்வையில் எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து என்று தெரிந்துவிடுகிறது.

மருந்து எது என்பதிலும் கவனம் வேண்டும். நம்மில் பலர் உடனே ரூபாய் பைசாவுக்குப் போவோம். 0.6 என்றால் 60 பைசா, 0.65 என்றால் 65 பைசா. சரிதான், ஆனால் 0.625க்கு வந்ததும் உவமை முறிந்துபோகும். அரைப் பைசாவைக் கையில் காட்ட முடியாது. பைசாவில் பழகிய பிள்ளை மூன்றாம் இலக்கத்தில் மீண்டும் வழுக்குவார். தையற்காரரின் அளவு நாடாவை ஒரு மீட்டருக்கு விரித்துச் சுவரில் ஒட்டினால் 0.6 மீட்டர் 60 சென்டிமீட்டரில், 0.65 மீட்டர் 65இல், 0.625 மீட்டர் 62 சென்டிமீட்டர் 5 மில்லிமீட்டரில் நிற்கும். மூன்று பிள்ளைகள் வந்து விரலை வைத்தால் வகுப்பே பார்க்கும். மூன்று இலக்கமும் ஒரே நாடாவில் முடிந்தது.

இப்படிப்பட்ட கேள்விகள் பாடத்துக்கு மூன்று இருந்தால் போதும். அவற்றை உட்கார்ந்து யோசித்து எழுத ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் பாடத்துக்கு மூன்று என்று சேர்ந்து எழுதிப் பகிர்ந்துகொண்டால், ஒருவருடைய உழைப்பு அத்தனை பள்ளிக்கும் போகும். இன்று அந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் காணொளி பார்ப்பதிலும் படிவம் நிரப்புவதிலும் கழிகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

வாய்மொழிக் கேள்வியே கூடாது என்று சொல்லவில்லை. அதைக் கேட்கும் வரிசையை மாற்ற வேண்டும். "செல்வி, நீ சொல்லு" என்று பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற 34 பேருக்கும் அந்த நொடியே விடுமுறை. கேள்வியை முதலில் கேட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு, பிறகு பெயர் சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் ஆசிரியருக்கு மிக நீளமாகத் தோன்றும். தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதற்குக் குச்சி ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டு எடுக்கலாம். எடுத்த குச்சியை அதே டப்பாவில் திருப்பிப் போட வேண்டும். வெளியே வைத்துவிட்டால், 'என் முறை முடிந்தது' என்று அந்தப் பிள்ளை நிம்மதியாகிவிடுவார். தெரியாது என்று ஒரு பிள்ளை சொன்னால் நிற்கவைக்காமல், இன்னும் இருவரைக் கேட்டுவிட்டு மீண்டும் அவரிடமே வந்து, "இந்த இரண்டில் உனக்கு எது சரியாகப் படுகிறது, ஏன்?" என்று கேட்க வேண்டும். நிற்கவைத்து அவமானப்படுத்திய பிள்ளையின் காதில் அடுத்த பத்து நிமிடப் பாடம் விழாது.

இருவர் இருவராகப் பேசவிடுவதில் வழக்கமான தவறு, முதல் மாணவரைக் கடைசி மாணவரோடு சேர்ப்பது. ஒருவரே எல்லாம் செய்வார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். 32 பேரை மதிப்பெண் வரிசையில் எழுதி, ஒன்றாம் எண்ணை 17உடன், இரண்டை 18உடன் என்று கோத்தால் இடைவெளி அளவாக இருக்கும். இந்தப் பட்டியல் ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது. எழுதும் பொறுப்பை அதிகம் தெரிந்தவரிடம் கொடுக்கக் கூடாது. அவர் வாயால் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். தெரிந்தவர் தன் சொல்லில் விளக்கியே ஆக வேண்டும், தெரியாதவர் கேட்டே ஆக வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒட்டாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைச் சேட்டைக்காரர்கள், தூங்குமூஞ்சிகள் என்று எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். எட்டாம் வகுப்புப் பாடத்தின் ஒரு பத்தியை அவர்களால் தடையின்றி வாசிக்க முடியாது. வாசிக்க முடியாத பிள்ளைக்கு 40 நிமிடமும் சத்தம்தான் காதில் விழுகிறது. அதைச் சகித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பதே பெரிய காரியம். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. அந்த எண்ணம் சரியானது. பிறகு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. ஆனால் கொரோனாக் காலத்தில் தொடக்க வகுப்பைத் தவறவிட்டு நடுநிலைக்கு வந்துவிட்ட பிள்ளைக்குப் பாட ஆசிரியரும் ஏதாவது செய்தாக வேண்டும்.

செய்யக்கூடியது இதுதான். அன்றைய பாடத்தின் சாரத்தை ஐந்து வரியில், வரிக்கு ஐந்தாறு சொல்லுக்கு மிகாமல் எழுதி, முந்தைய நாள் மாலையே அந்தப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். பாடத்தில் வரும் புதுச்சொல் நான்கை மட்டும் பெரிதாக எழுதி அசை பிரித்துக் காட்ட வேண்டும். மறுநாள் பாடத்தில் அந்த ஐந்து வரியில் ஒன்றை உரக்க வாசிக்கும் வேலை அந்தப் பிள்ளைக்கு. முன்பே பழகிய வரி என்பதால் தடுமாறாமல் வாசிப்பார்; வகுப்பு கேட்கும். இரண்டு வாரம் தொடர்ந்து செய்தால் கண் தரையிலிருந்து பலகைக்கு வரும். குழந்தைப் பாட்டுப் புத்தகத்தையோ அகர வரிசை அட்டையையோ எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் எல்லார் முன்னாலும் கொடுத்தால் மட்டும் எல்லாம் பாழாகிவிடும். அந்த வயதுக்கு மானம் பெரிது.

காணொளி பற்றிச் சுருக்கமாக. திறன்மிகு பலகையும் (ஸ்மார்ட் போர்டு), பாடக் காணொளிகள் கொண்ட மணற்கேணி செயலியும் நல்ல கருவிகள்தான். ஆனால் எட்டு நிமிடப் படத்தை முழுதாக ஓடவிட்டால் அதுவும் ஒரு விரிவுரைதான். ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்? அட்டையைக் காட்டு" என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தால் மீதியைக் கண் இமைக்காமல் பார்ப்பார்கள்; தாங்கள் சொன்னது நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமே.

மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய முதல் பாடவேளையில் எந்தப் பிள்ளையும் சொக்கத்தான் செய்யும், அதிலும் மொட்டைமாடிக்குக் கீழுள்ள வகுப்பில். அந்த நேரத்தில் புது விளக்கம் வேண்டாம். நின்றுகொண்டு செய்யும் வேலை, அளப்பது, ஒட்டுவது, சுவரில் நான்கு மூலையில் ஒட்டிய நான்கு கேள்விக்கு நடந்து போய் விடை எழுதுவது, இவற்றை அங்கே வைக்கலாம். காலையில் கற்பித்ததை மதியம் செய்யவைப்பது என்று பாட ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகப் பள்ளிக்கல்வித் துறைக்கும் பார்வையிட வரும் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ப' வடிவில் பெஞ்சு போட்டிருப்பதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். சிவப்பு மைத் திருத்தத்தை எண்ணிப் பார்த்து ஆசிரியரை மதிப்பிடாதீர்கள். அதற்குப் பயந்துதான் பல வகுப்புகளில் பாதி நேரம் வழிகாட்டி நூல் விடையை நோட்டில் நகல் எடுப்பதில் போகிறது. அதற்குப் பதிலாக வகுப்பில் ஓர் ஓரமாக 20 நிமிடம் உட்காருங்கள். ஒரு தாளில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடங்களைக் கட்டமாக வரையுங்கள். ஒரு பிள்ளை தனியாக விடை சொன்னாலோ, அட்டை காட்டினாலோ, எழுதினாலோ, பக்கத்துப் பிள்ளையிடம் விளக்கினாலோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். கூட்டுக் குரலுக்குக் கோடு இல்லை. 20 நிமிடம் முடிந்ததும் கோடே விழாத கட்டங்களை மட்டும் வட்டமிட்டு, தாளை அந்த ஆசிரியரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். பதிவேட்டில் ஏற்ற வேண்டாம், குறிப்பாணை வேண்டாம். அடுத்த மாதம் அதே வகுப்புக்குப் போய் மறுபடி ஒரு தாள் வரையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்றுநர்,
விழுப்புரம் மாவட்டம்.